உங்கள் பெயர் செல்லாது!

1849 நவம்பரில், மணிலாவில் கவர்னராக இருந்த நார்சிசோ கிளவேரியா என்ற ஸ்பானியத் துரைக்கு ஒரு பெரிய மனக்குறை. பிலிப்பைன்ஸ் ஜனங்களிடம் ஒழுங்கான குடும்பப் பெயர் கிடையாது. ஞானஸ்நானம் வாங்கிய கையோடு ஒருவன் ‘டெ லா குரூஸ்’ என்று வைத்துக்கொள்வான். பக்கத்து வீட்டுக்காரன் ‘டெ லோஸ் சாந்தோஸ்’ என்பான். அவன் கூடப் பிறந்த தம்பிக்கு வேறு ஏதாவது இருக்கும். ஊருக்கு ஊர் சிலுவைகளும் புனிதர்களுமாக நிரம்பி வழிந்தால் வரி வசூலிப்பவன் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்? துரை யோசித்தார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பப் பெயர்களை அகரவரிசையில் அச்சடித்து ஒரு புத்தகம் போட்டார். ஸ்பானியப் பெயர்கள், செடி கொடிகள், உள்ளூர்ச் சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. புத்தகத்தின் பக்கங்களை மாகாணவாரியாகப் பிரித்து அனுப்பினார். குடும்பத் தலைவர்கள் வந்து ஆளுக்கொன்று பொறுக்கிக்கொள்ள வேண்டியது.

சில ஊர்களுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் மட்டும் போய்ச் சேர்ந்தன. அல்பாய் மாகாணத்து ஓவாஸ்காரர்களுக்கு ‘ஆர்’ வாய்த்தது. இன்றைக்கும் அந்த ஊரில் ‘ஆர்’ குடும்பங்கள் கொட்டிக் கிடக்கின்றன. கம்ப்யூட்டர் வருவதற்கு நூறு வருஷம் முன்பே, “உன் பெயர் எங்கள் பட்டியலுக்குள் இருக்க வேண்டும், முதல் எழுத்து இதுவாக இருந்தால் உத்தமம்” என்று படிவம் போட்ட புண்ணியவான் கிளவேரியா. நெட்டில் ஒரு விண்ணப்பத்தைத் திறந்து பெயரை அடித்ததும் சிவப்பு எழுத்தில் ‘தவறான பெயர்’ என்று வந்து விழுகிறதே, அதன் பூர்வோத்திரத்தை விசாரித்துக்கொண்டே போனால் இந்த மாதிரி ஆசாமிகளிடம்தான் போய்ச் சேர்கிறோம்.

துருக்கிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1928-ல் அரபு எழுத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியபோது க்யூ, டபிள்யூ, எக்ஸ் மூன்றும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். துருக்கி மொழிக்கு அது போதும். குர்து மொழிக்கு அந்த மூன்றும் தேவை. குர்துக் குடும்பம் பிள்ளைக்குப் பெயர் பதியப் போனால், அந்த எழுத்துகள் உள்ள பெயரைப் பதிவேட்டில் ஏற்ற மாட்டார்கள். 2013-ல்தான் அரசாங்கம் கொஞ்சம் இறங்கிவந்தது. இதற்கிடையே 1934-ல் எல்லாருக்கும் குடும்பப் பெயர் கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். முஸ்தபா கெமாலுக்கு ‘அத்தாதுர்க்’ என்ற பெயரை நாடாளுமன்றமே வழங்கியது. வேறு எவரும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் விதித்தது. ‘இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, வேறொன்றை முயலவும்’ என்று ஒரு தேசத்துக்கே சொன்ன நாடாளுமன்றம் அது.

இவர்களெல்லாம் கைத்தொழில்காரர்கள். குமாஸ்தா, பேனா, முகச்சுளிப்பு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு காரியம் பார்த்தவர்கள். இதே வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க ஒரு மந்திரம் வேண்டியிருந்தது. அதுதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன். புழங்குகிறவர்கள் வாயில் ரெஜெக்ஸ். ‘இன்ன இன்ன எழுத்து, இந்த வரிசையில், இத்தனை தடவை வந்தால் சரி’ என்பதை நாலைந்து குறிகளில் சுருக்கி எழுதும் வித்தை. தெரியாதவர்கள் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். தெரிந்தவர்களும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மந்திரம் பிறந்த கதைக்கும் பெயருக்கும் ஆரம்பத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. 1943-ல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் என்ற இருவர், மூளை நரம்புகள் யோசிப்பதைத் தர்க்கக் கணக்காக எழுதிக்காட்டினார்கள். 1951 கோடையில் ஸ்டீபன் க்ளீனி என்ற கணிதப் பேராசிரியர் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டுரையைப் பிரித்து மேய்ந்தார். இப்படிப்பட்ட நரம்புக் கூட்டத்தால் எந்தெந்த மாதிரியான வரிசைகளை அடையாளம் காண முடியும் என்று வரையறுத்தார். ‘எத்தனை தடவை வேண்டுமானாலும் வரட்டும், வராவிட்டாலும் பாதகமில்லை’ என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டார். அந்த வகைக்கு ‘ரெகுலர்’ என்று பெயர் வைத்தார். வைத்த கையோடு, இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் தோன்றினால் சொல்லுங்கள் என்று கட்டுரையிலேயே கேட்டுக்கொண்டார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

மனிதரின் சொந்தப் பெயரும் தகராறுதான். எழுத்தைப் பார்த்தவர்கள் ‘க்ளீன்’ என்றார்கள், ‘க்ளீனி’ என்றார்கள். அவரோ ‘க்ளேய்னி’ என்று சொல்லிக்கொண்டார். தெரிந்தவரை உலகத்தில் எந்த மொழியிலும் இப்படி உச்சரிக்க வழியில்லை, அப்பாவே கண்டுபிடித்திருப்பார் என்பது அவர் மகனின் வாக்குமூலம். பின்னாளில் உலகத்தின் பெயர்களையெல்லாம் சோதிக்கப்போகிற சாத்திரத்தின் மூலவருக்கு இப்படி ஒரு பெயர்.

க்ளேய்னியின் குறிகள் கணித நூல்களில் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றை எழுப்பியவர் பெல் லேப்ஸ் கென் தாம்சன். 1968-ல் ஒரு கட்டுரை எழுதினார்: நீளமான உரையில் வேண்டிய சொல்லைத் தேட ரெஜெக்ஸை எப்படிப் பயன்படுத்தலாம் என்று. பிறகு யூனிக்ஸ் வந்தது. அங்கே லீ மெக்மஹன் என்ற சகாவுக்கு ஓர் ஆராய்ச்சி ஆசை. அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு ஆதரவாக 1787, 88-ல் பத்திரிகைகளில் வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எதை யார் எழுதினார் என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாக் கட்டுரைக்கும் கீழே ‘பப்ளியஸ்’ என்ற ஒரே புனைபெயர். பின்னால் ஒளிந்திருந்தவர்கள் ஹாமில்டன், மேடிசன், ஜே என மூவர். அத்தனை கட்டுரைகளும் அன்றைய எடிட்டர் நிரலுக்குள் அடங்கவில்லை. தாம்சன் அந்த எடிட்டரிலிருந்து ரெஜெக்ஸ் கொண்டு தேடுகிற பகுதியை மட்டும் தனியே வெட்டியெடுத்து ஒரே ராத்திரியில் ஒரு சின்ன நிரல் ஆக்கிக் கொடுத்தார். இன்று யூனிக்ஸ் தொட்டவர்கள் எல்லாரும் புழங்கும் ‘க்ரெப்’ அதுதான். அவர்களோடு பெல் லேப்ஸில் இருந்த பிரையன் கெர்னிகன் இந்தக் கதையை ரசித்துச் சொல்வார்.

கவனியுங்கள். அதுவரை ரெஜெக்ஸ் ஒரு துப்பறிவாளர். எங்கோ ஒளிந்திருப்பதைத் தேடித் தரும், யாரையும் தடுக்காது. அதற்குக் காக்கிச் சட்டை மாட்டி வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தது பிற்காலத்தவர் செய்த கைங்கரியம்.

1987-ல் லாரி வால் பெர்ல் என்ற நிரல் மொழியைக் கொண்டுவந்தார்; ரெஜெக்ஸ் அதன் உடம்பெல்லாம் ஊறியிருந்தது. வலைதளப் படிவங்கள் பிறந்தபோது அவற்றின் பின்னால் நின்று பதில்களை வாங்கிக்கொண்டது பெரும்பாலும் பெர்ல்தான். 1995-ல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில், பிரவுசருக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்டைச் செய்து முடித்தார். சீக்கிரமே அதற்குள்ளும் ரெஜெக்ஸ் குடியேறியது. இனி சர்வர் வரை போகவே வேண்டாம். உங்கள் வீட்டுக் கணினியிலேயே, உங்கள் மின்சாரச் செலவிலேயே, உங்களை நிராகரிக்கலாம். தேதி சரியா, போன் நம்பர் சரியா என்று பார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? பெயர்ப் பெட்டி பக்கம் போயிற்று. ‘ஏ முதல் இசட் வரை’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். மனித குலத்தின் பெயர்கள் அத்தனையும் இருபத்தாறு எழுத்தில் முடிந்துவிட்டன.

அந்த வரியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. கணினிக்கு எழுத்து என்றால் எண். 1963-ல் அமெரிக்கர்கள் வகுத்த ஆஸ்கி முறையில் மொத்தம் 128 இடங்கள். முதல் பதிப்பில் சின்ன எழுத்துகளே கிடையாது; 1967-ல்தான் அவை வந்து சேர்ந்தன. பெரிய ‘இசட்’டின் எண் 90. சின்ன ‘ஏ’யின் எண் 97. நடுவில் ஆறு இடம். அதில் யார் குடியிருக்கிறார்கள்? இரண்டு சதுர அடைப்புக்குறி, ஒரு பின்சாய்கோடு, ஒரு தொப்பிக்குறி, ஓர் அடிக்கோடு, இடப்பக்கம் சாய்ந்த ஒரு மேற்கோள். சோம்பேறி நிரலர் ‘பெரிய ஏ முதல் பெரிய இசட் வரை, சின்ன ஏ முதல் சின்ன இசட் வரை’ என்று இரண்டாக எழுத அலுத்துக்கொண்டு ‘பெரிய ஏ முதல் சின்ன இசட் வரை’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவார். நடுவில் இருக்கும் ஆறு பேரும் டிக்கெட் இல்லாமலே உள்ளே வந்துவிடுவார்கள். ஆக [_^_] என்று பெயர் வைத்திருக்கும் கனவான் எவராவது இருந்தால் அவருக்கு அந்தப் படிவத்தில் ராஜமரியாதை. அயர்லாந்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வரும் ஓ’பிரையன் குடும்பத்துக்கு இடமில்லை. அவர்கள் பெயரிலிருக்கும் ஒற்றை மேற்கோளின் எண் 39. அது வேலிக்கு வெளியே.

ஓ’பிரையன் மீது இருந்த பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. டேட்டாபேஸிடம் பேசும் எஸ்க்யூஎல் மொழியில் ஒற்றை மேற்கோள் வந்தால் ‘சொல் முடிந்தது’ என்று அர்த்தம். பெயரை அப்படியே கட்டளைக்குள் ஒட்டும் நிரலில் ஓ’பிரையன் நுழைந்தால் ‘ஓ’வோடு பெயர் முடிந்துவிடும், ‘பிரையன்’ கட்டளையாகிவிடுவார். விஷமிகள் இதையே ஆயுதமாக்கினார்கள். 2007-ல் ராண்டல் மன்றோ வரைந்த கார்ட்டூனில் ஓர் அம்மா தன் மகனுக்கு ‘மாணவர் பட்டியலை அழி’ என்ற கட்டளையையே பெயராக வைத்திருப்பார். பள்ளிக்கூடம் பறிகொடுத்துவிட்டு அவருக்கு போன் போடும். நிரலில் ஓட்டை இருந்தால் ஓட்டையை அடைக்க வேண்டும். இவர்கள் ஓ’பிரையனை அடைத்தார்கள்.

அரசாங்கங்களும் சளைக்கவில்லை. 2017-ல் பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் ஒரு குழந்தைக்கு ‘ஃபாஞ்ச்’ என்று பெற்றோர் பெயர் வைத்தார்கள். பிரெத்தோன் மொழி வழக்கப்படி நடு எழுத்தின் தலையில் ஒரு சின்ன நெளிகோடு. பிரெஞ்சு அரசு அனுமதித்த குறிகளின் பட்டியலில் அந்த நெளிகோடு இல்லை. வழக்கு கேம்பர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. இதை அனுமதித்தால் நாட்டின் ஒற்றுமையைக் காக்கும் அரசின் உறுதி உடைந்துவிடும் என்கிற ரீதியில் தீர்ப்பு வந்தது. நெப்போலியன் தோற்றபோதுகூட உடையாத பிரான்ஸ், தொட்டில் குழந்தையின் நெளிகோட்டில் உடையப் பார்த்திருக்கிறது. 2018-ல் ரென் மேல்முறையீட்டு நீதிமன்றம் நெளிகோட்டுக்கு அனுமதி கொடுத்தது. பிரான்ஸ் இன்னும் இருக்கிறது.

கலிஃபோர்னியாவிலும் இதே கதை. பிறப்புச் சான்றிதழில் அப்போது ஆங்கில எழுத்து இருபத்தாறுக்கு மட்டுமே இடம் இருந்தது. ஸ்பானிய மொழி பேசும் லட்சக்கணக்கானோர் தங்கள் பெயரின் குறிகளைக் கேட்டபோது, சட்டசபை சம்மதித்தது. 2017-ல் கவர்னர் ஜெர்ரி பிரவுன், கணினிகளை மாற்றச் செலவாகும் என்று வீட்டோ செய்தார். மூன்று வருஷம் கழித்து ஈலான் மஸ்க் தன் பிள்ளைக்கு எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு பாஸ்வேர்டைப் பெயராகச் சூட்டியபோது அதே விதி குறுக்கே நின்றது. 12 என்ற எண்ணை ரோமன் எழுத்தாக்கிச் சமாளித்தார்கள். அந்த ஒரு தடவை மட்டும் எனக்கு விதியின் மேல் கொஞ்சம் பரிவு ஏற்பட்டது.

வாசலில் தடுப்பது ஒரு ரகம். உள்ளே வந்தவரைத் திருத்துவது இன்னொரு ரகம். 1996-ல் ஏஓஎல் நிறுவனத்தின் கெட்ட வார்த்தை வடிகட்டி, இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்க விடவில்லை. அந்த ஊர்ப்பெயரின் வயிற்றுக்குள் ஒரு கெட்ட வார்த்தை இருப்பதை ஊர்க்காரர்கள் அதுவரை பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 2008-ல் அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ அமைப்பின் செய்தித் தளம், ‘கே’ என்ற சொல் எங்கே வந்தாலும் ‘ஹோமோசெக்ஷுவல்’ என்று தானாக மாற்ற ஏற்பாடு செய்திருந்தது. அந்தச் சொல்லின் மேல் அவர்களுக்கு அத்தனை ஒவ்வாமை. ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் நூறு மீட்டர் ஓட்டத்தில் டைசன் கே என்ற வீரர் பிய்த்துக்கொண்டு ஓடினார். தளத்தில் செய்தி வந்தது: டைசன் ஹோமோசெக்ஷுவல் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றார். செய்தி முழுக்க அதே பெயர். அந்தச் சொல்லை விரட்ட நினைத்தவர்கள் ஓர் ஓட்டக்காரரின் புண்ணியத்தில் அதைத் தலைப்புச் செய்தி ஆக்கினார்கள்.

ஃபேஸ்புக் வேறு வழியில் போயிற்று. அங்கே எழுத்து பிரச்சினை இல்லை, உண்மைதான் பிரச்சினை. 2011-ல் சல்மான் ருஷ்டியின் கணக்கை முடக்கினார்கள். பாஸ்போர்ட் கேட்டார்கள். பாஸ்போர்ட்டில் முதல் பெயர் அகமது. ‘ஆகவே நீங்கள் அகமது ருஷ்டி’ என்று கணக்கின் பெயரை மாற்றினார்கள். புத்தகம் எழுதியதற்காக உலகமே அறிந்த மனிதர் தன் பெயரைத் திரும்பப் பெற ட்விட்டரில் சண்டை போட்டு ஜெயிக்க வேண்டியிருந்தது. பப்ளியஸ் இன்று வந்தால் முதல் கட்டுரைக்கே கணக்கு போய்விடும்.

நம் வீட்டுக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு பெயர். புள்ளி ஒரு குற்றம், இடைவெளி ஒரு குற்றம். ‘கடைசிப் பெயர்’ என்ற பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம். க்ளேய்னி போட்ட நட்சத்திரத்துக்கு ‘வராவிட்டாலும் பாதகமில்லை’ என்று பொருள். படிவக்காரர்களின் நட்சத்திரத்துக்கு ‘வந்தே தீர வேண்டும்’ என்று பொருள். சரி போகட்டும் என்று அப்பா பெயரை அதில் போட்டுவிடுகிறோம். அதன் பிறகு லண்டனில் கிரெடிட் கார்டு வாங்குவதும், விமான நிலையத்தில் ஒலிபெருக்கியில் தேடப்படுவதும், ஊரில் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் அப்பா கோவிந்தசாமிதான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே விட மாட்டோம் என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கிவந்தது. கோவிந்தசாமி அங்கேயும் ஜாமீன் கொடுத்தார்.

நல்ல மனசுக்கார நிரலர்கள் உண்டு. ‘ஆங்கிலம் மட்டும் என்ன கொம்பா? உலகத்தின் எந்த மொழி எழுத்தானாலும் வரட்டும்’ என்று, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையின் ‘எழுத்து’ வகையை அனுமதிக்கும் ரெஜெக்ஸ் எழுதுவார்கள். ஜாவாஸ்கிரிப்டில் 2018-லிருந்து அதற்கு வசதி இருக்கிறது. அந்தப் படிவத்தில் ‘முத்துலட்சுமி’ என்று தமிழில் அடித்துப் பாருங்கள். தவறான பெயர்! ஏன்? நம் கணக்கில் அது ஏழு எழுத்து: மு, த், து, ல, ட், சு, மி. யூனிகோடு கணக்கில் பதின்மூன்று. அகரமேறிய ஏழு எழுத்து, அவற்றோடு ஒட்டிய உகரக்குறி மூன்று, புள்ளி இரண்டு, இகரக்குறி ஒன்று. முதல் ஏழும் ‘எழுத்து’ என்ற ஜாதி. பின் ஆறும் ‘குறி’ என்ற வேறு ஜாதி. ரெஜெக்ஸ் எழுத்தை மட்டும் உள்ளே விடும். வேண்டாத குறிகளைச் சுத்தம் செய்துவிட்டு ஏற்றுக்கொள்ளும் தாராளப் படிவமாக இருந்தால், முத்துலட்சுமி ‘மததலடசம’ ஆகி உள்ளே போவார். திருவள்ளுவர் ‘தரவளளவர’. பத்து எழுத்துக்கு மேல் கூடாது என்று இன்னொரு படிவம் சொன்னால் ‘முத்துலட்ச’ என்று அரைகுறையாக நிற்பார். புள்ளி, கால், கொம்பு, சுழி எதுவும் இல்லாத தமிழ்ப் பெயர் ஒன்று யோசித்துப் பாருங்கள், இந்தப் படிவங்களுக்கு ஏற்ற பிள்ளை எத்தனை அரிது என்று தெரியும்.

2010-ல் பேட்ரிக் மெக்கென்ஸி என்ற நிரலர், பெயர்களைப் பற்றி நிரலர்கள் நம்பும் பொய்கள் என்று நாற்பதைப் பட்டியல் போட்டார். அமெரிக்கர், அப்போது ஜப்பானில் குடியிருந்தார், அங்கே உள்ள கணினிகள் அவர் பெயரை விழுங்க முடியாமல் திணறியதில் பிறந்த ஞானம். மனிதருக்கு ஒரே ஒரு பெயர்தான் என்பதில் ஆரம்பித்து, மனிதருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கும் என்பதுவரை எல்லாமே பொய் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிய கையோடு போய் ‘ஏ முதல் இசட் வரை’ என்று எழுதினார்கள்.

படிவம் எழுதும் தம்பிகளே, தங்கைகளே! பெயருக்கு ஒரே பெட்டி வையுங்கள். நீளத்தைத் தாராளமாக விடுங்கள். பெட்டி காலியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஓ’பிரையனைக் கண்டு பயமாக இருந்தால், பெயரைக் கட்டளையோடு ஒட்டாமல் தனி மதிப்பாக டேட்டாபேஸுக்கு அனுப்புங்கள். எல்லா மொழியிலும் அதற்கு வழி இருக்கிறது. ரெஜெக்ஸ் எழுதியே தீர வேண்டும் என்று கை அரித்தால் பின்கோடு பக்கம் போங்கள். ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யமாக இருக்காது. அதற்குக் கச்சிதமாக வேலை செய்யும்.